சிறுத்தைப் பல்லிக்கு நோயா? முதலில் வாலைப் பாருங்கள்



இப்போது தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் ‘லெப்பர்ட் கெக்கோ’ என்னும் சிறுத்தைப் பல்லியைப் பட்டணத்துக் கடையில் வாங்கி வந்து பெட்டியில் வளர்க்கிறார்கள். அது சாப்பிடாமல் கிடந்தால், “என்ன மருந்து கொடுக்கலாம்?” என்று நம்மிடம்தான் கேட்கிறார்கள். நான் மனுஷருக்கு மருந்து கொடுக்கிறவன். ஆனாலும் ஒன்று சொல்லலாம். இந்தப் பிராணியின் நோயில் பெரும்பகுதி பெட்டியில்தான் பிறக்கிறது. ஆகவே மருந்தைத் தேடும் முன்னே பெட்டியைப் பார்க்க வேண்டும்.

இது நம் வீட்டுச் சுவரில் ஓடுகிற பல்லி அல்ல. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய இடங்களின் வறண்ட பாறை நிலத்தில் வாழ்வது. சுவர் ஏறாது. கண்ணுக்கு இமை உண்டு. பகலில் பொந்தில் படுத்திருந்து, பொழுது சாய்ந்த பிறகு இரை தேடும். நல்ல கவனிப்பு இருந்தால் 15, 20 வருஷம் கூட உயிரோடு இருக்கும்.

வாலும் தராசும்

இந்தப் பிராணி நோயை வெளியே காட்டாது. முனகாது, கத்தாது. நமக்குத் தெரிய வரும்போது பாதி உயிர் போயிருக்கும். அதனால் வாலைப் பார்க்கணும். கொழுப்பை அது வாலில்தான் சேமித்து வைக்கிறது. சுகமாக இருக்கிற பல்லியின் வால் கிட்டத்தட்ட கழுத்தளவு தடித்திருக்கும். வால் குச்சி போல மெலிந்தால் அது ஆபத்துக் குறி.

வாரம் ஒரு முறை சமையல் தராசில் நிறுத்து நோட்டில் எழுதி வையுங்கள். வளர்ந்த பல்லி பெரும்பாலும் 50 முதல் 80 கிராம் இருக்கும். 60 கிராம் இருந்தது 54 கிராமுக்கு இறங்கினால் சும்மா இருக்கக் கூடாது. வால் தடித்த பெரிய பல்லி ஒரு வாரம் சாப்பிடாவிட்டாலும் பயமில்லை. குட்டி அப்படித் தாங்காது. மலத்தையும் கவனியுங்கள். கெட்டியாக, கருப்பாக, ஓரத்தில் வெள்ளையாக இருந்தால் சரி. தண்ணீராகப் போனாலும், இரை செரிக்காமல் வந்தாலும் சரியில்லை.

பெட்டியில் பிறக்கும் நோய்கள்

சூடு: வயிற்றுக்கு அடியில் சூடு இல்லாவிட்டால் தின்றது செரிக்காது. பெட்டியின் ஒரு பக்கத் தரை 31 முதல் 33 டிகிரி இருக்க வேண்டும். மறு பக்கம் 26 டிகிரி போலக் குளிர்ச்சியாக இருக்கணும். ‘நம்ம நாடே சூடுதானே’ என்று நினைக்காதீர்கள். மழைக்கால இரவிலும், கேமரன் மலை போன்ற இடத்திலும் அது போதாது. பெட்டிக்கு அடியில் வைக்கும் மின்சார சூட்டு விரிப்பைத் தெர்மோஸ்டாட் இல்லாமல் போட்டால் வயிறு வெந்துவிடும். தகரக் கூரை வீட்டில் நடுப்பகலில் பெட்டியே அடுப்பாகிவிடும். வெயில் விழும் ஜன்னலோரத்தில் ஒருபோதும் வைக்காதீர்கள்.

எலும்பு: கடையில் விற்கும் சில்வண்டிலும் புழுவிலும் சுண்ணச்சத்து குறைவு. அதை மட்டும் தின்றால் தாடை ரப்பர் போல மெதுவாகும். கால் வளையும், உடம்பு நடுங்கும், வயிற்றைத் தரையில் இழுத்து நடக்கும். இரையின் மேல் கால்சியம் தூளைத் தூவிக் கொடுங்கள். டி3 வைட்டமின் கலந்த தூளும் வேண்டும், ஆனால் அளவோடு. வளைந்த கால் முழுவதும் நிமிராது. முன்கூட்டிக் காப்பதுதான் வைத்தியம்.

மணல்: பார்க்க அழகாக இருக்கிறது என்று மணல் கொட்டுகிறார்கள். இரையோடு மணலும் உள்ளே போய்க் குடலை அடைத்துவிடும். டிஷ்யூ தாளோ பழைய செய்தித்தாளோ விரித்தால் போதும். காசும் மிச்சம், மலமும் தெரியும்.

சட்டை: இது பாம்பைப் போல சட்டை உரிக்கும், உரித்ததைத் தின்றும் விடும். கால் விரலில் பழைய தோல் தங்கினால் நூலால் இறுக்கிக் கட்டியது போல ரத்தம் ஓடாமல் விரல் செத்து விழும். மூடியில் வாசல் வெட்டிய சிறு டப்பாவில் ஈரத் துணி போட்டுப் பெட்டிக்குள் வையுங்கள். தோல் தங்கிவிட்டால் கால் மட்டும் நனையும் வெதுவெதுப்பான தண்ணீரில் 10 நிமிஷம் நிறுத்தி, ஈரப் பஞ்சால் மெல்லத் தள்ளுங்கள். இழுக்காதீர்கள். கண்ணில் ஒட்டிய தோலை வீட்டில் தொடவே கூடாது.

வாலைப் பிடித்துத் தூக்கவும் கூடாது. பயத்தில் வாலைக் கழற்றிவிடும். திரும்ப முளைக்கும், ஆனால் சேமித்த கொழுப்பு போய்விட்டது. காயம் ஆறும்வரை சுத்தமான தாளில் வைத்து நன்றாக இரை கொடுங்கள். தின்னாத சில்வண்டை ராத்திரி உள்ளே விடாதீர்கள், அது பல்லியையே கடிக்கும்.

உடனே மருத்துவரிடம்

வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, மூக்கில் நுரை, பின்பக்கம் சதை வெளியே தள்ளி நிற்பது, வயிற்றில் முட்டையோடு இரை எடுக்காமல் சோர்ந்து போவது, வயிறு உப்பி மலம் வராமல் இருப்பது: இவற்றுக்கு வீட்டு வைத்தியம் கிடையாது. சூடும் இரையும் சரியாக இருந்தும் வால் மெலிந்துகொண்டே போனால் குடலில் கிருமி இருக்கலாம். அதில் ஒரு வகை மற்ற பல்லிக்கும் தொற்றும், குளோரோக்ஸுக்கும் சாகாது. நோய்ப்பல்லியைத் தனியே வையுங்கள். புதிதாக வாங்கியதையும் 2, 3 மாதம் தனிப் பெட்டியில் வையுங்கள்.

கால்நடை மருத்துவர் எல்லாருமே பல்லி பார்ப்பதில்லை. போன் போட்டுக் கேட்டுக்கொண்டு போங்கள். சிலாங்கூரில் செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்துக் கால்நடை ஆஸ்பத்திரி இருக்கிறது. போகும்போது புதிய மலத்தைச் சிறு டப்பாவிலும், எடை எழுதிய நோட்டையும் கொண்டு போங்கள்.

வீட்டில் மிச்சமிருக்கும் பெனடோல், ஆன்டிபயாட்டிக் மாத்திரை எதையும் நசுக்கிக் கொடுக்காதீர்கள். 60 கிராம் உடம்புக்கு மனுஷ மாத்திரை விஷம். செம்பனைக் காட்டில் பிடித்த வெட்டுக்கிளியும் வேண்டாம். மருந்து அடித்த புல்லைத் தின்ற பூச்சியாக இருக்கும்.

பிள்ளைகளின் கை

இனி என் சொந்தத் தொழிலுக்கு வருகிறேன். பார்வைக்குச் சுகமாக இருக்கும் பல்லியின் மலத்திலும் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கலாம். அது மனுஷருக்கு வயிற்றுப்போக்கு, காய்ச்சல், வயிற்று வலி கொடுக்கும். 5 வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகள், கர்ப்பிணிகள், வயசானவர்கள் ஆகியோருக்கு அது கடுமையாகலாம். பல்லியைத் தொட்டால் சவுக்காரம் போட்டுக் கை கழுவணும். முத்தம் கொடுக்கக் கூடாது. பெட்டியைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்று ஆஸ்பத்திரிக்கு வந்தால், வீட்டில் பல்லி இருப்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

ஜொகூர் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. சிங்கப்பூரில் இந்தப் பல்லியை வளர்ப்பது சட்டப்படி குற்றம். அங்கே வேலை செய்யும் பிள்ளை கேட்டாலும் கொண்டு போகாதீர்கள்.

இன்று பொழுது சாய்ந்ததும் பிள்ளையோடு உட்கார்ந்து, வால் எப்படி, எடை எவ்வளவு, விரல் எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். நோட்டில் பிள்ளையே எழுதட்டும். வாயில்லா ஜீவனுக்கு அந்த நோட்டுதான் வாய்.