குழந்தையோடு திருத்தணி போறீங்களா? வயசுக்கு வயசு மாறும் பயணக் கணக்கு இதுதான்!

கல்யாணமான புதுசுல, காலையில் திருத்தணி, மாலையில் திருப்பதி என ஒரே நாளில் சுற்றி வந்திருப்பீர்கள். குழந்தை பிறந்த பிறகு, சென்னையிலிருந்து சுமார் 85 கி.மீ. தொலைவில் இருக்கும் அதே திருத்தணி திடீரென தூரமாகிவிடும். பால், தூக்கம், கழிப்பறை இந்த மூன்றும்தான் இனி நேரத்தை முடிவு செய்யும். 'பிள்ளை பெருசாகட்டும், அப்புறம் பார்ப்போம்' என்று பலர் பயணத்தையே நிறுத்திவிடுகிறார்கள். இல்லையென்றால் அம்மா மட்டும் வீட்டில் தங்கிவிடுகிறார். அது தேவையா? வயது வாரியாகப் பார்ப்போம்.

கைக்குழந்தை என்றால்?

முருகனின் ஐந்தாம் படை வீடான திருத்தணியில், ஆண்டின் நாட்களைக் குறிக்கும் 365 படிகள் உண்டு. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டிய அவசியம் இல்லை. மலை மேலே வரை வாகனம் போக சாலை இருக்கிறது.

6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், வெயில் நேரத்திலும் தனியாகத் தண்ணீர் தர வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அதனால் அம்மா உட்கார்ந்து பால் கொடுக்க இடமும் நேரமும் ஒதுக்குவதுதான் முதல் வேலை. தமிழக பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் 2015-ல் தொடங்கப்பட்டன. பஸ்சில் போகிறவர்கள் இறங்கியதும் அதைக் கேட்டுப் பயன்படுத்துங்கள்.

அப்படியே திருப்பதியும் போகணுமா? 1 வயதுக்கு உட்பட்ட குழந்தையின் பெற்றோரை, திருமலையில் சுபதம் நுழைவாயில் வழியாக அனுமதிக்கும் வசதி உண்டு. குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் ஆதார் அவசியம். நேரத்தை தேவஸ்தான இணையதளத்தில் பார்த்துட்டு கிளம்புங்க.

1 முதல் 5 வயது வரை?

மொட்டை, காது குத்தல் எல்லாம் பெரும்பாலும் இந்த வயதுக்குள் நடப்பவை. அறநிலையத்துறை கோயில்களில் மொட்டைக்கான கட்டணம் 2021 செப்டம்பரில் ரத்தானது. மொட்டை அடித்த தலையில் வெயில் நேரடியாகப் படும் என்பதால் ஒரு பருத்தித் தொப்பி எடுத்துக்கோங்க.

டிக்கெட்? தமிழக அரசு பேருந்துகளில் 5 வயது வரை இலவசம். 2022-க்கு முன்பு இந்த வரம்பு 3 வயதாக இருந்தது. ரயிலிலும் 5 வயதுக்குக் கீழ் இலவசம்தான். ஆனால் முன்பதிவில் தனி இடம் கேட்டால் முழுக் கட்டணம். சென்னையிலிருந்து வரும் மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது என்பதையும் மறக்காதீங்க. டயப்பரை விட்ட குழந்தை என்றால், கழிப்பறை உள்ள எக்ஸ்பிரஸ் ரயில் நிம்மதி.

5 வயதுக்கு மேல்?

முன்பதிவில்லா ரயில் டிக்கெட்டில் 12 வயதுக்குள் பாதிக் கட்டணம். படி ஏற ஆரம்பிக்க இது நல்ல வயது. வெறுங்காலில் ஏறுவதால், கல் சூடாவதற்கு முன் அதிகாலையிலேயே தொடங்கிடுங்க. பெரியவர்களின் வேகத்துக்குப் பிள்ளையை இழுக்காமல், நடுநடுவே உட்கார்ந்து ஏறினால் போதும்.

பைக்கில் கூட்டிப் போகலாமா?

அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் பலரும் பைக்கில்தான் வருகிறார்கள். 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தைக்கு ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்பு பெல்ட்டும் கட்டாயம். வேகம் 40 கி.மீ.யைத் தாண்டக் கூடாது. 2023 பிப்ரவரியில் அமலுக்கு வந்த விதி இது. 4 வயதைத் தாண்டினால் பெரியவர்களைப் போலவே ஹெல்மெட் கட்டாயம். தூங்கும் குழந்தையை நடுவில் வைத்து ஓட்டும் பழக்கம் ஆபத்து. அந்தக் குடும்பங்களுக்கு பஸ்தான் பாதுகாப்பு.

எப்போது தவிர்க்கணும்?

ஆடிக் கிருத்திகை, டிசம்பர் 31 திருப்படித் திருவிழா ஆகிய நாட்களில் கூட்டம் அலைமோதும். சின்னப் பிள்ளைகள் இருந்தால், கூட்டம் குறைந்த வேலை நாள் காலையே நல்லது.

ஒரே நாளில் இரண்டு ஊர் என்பதை ஒரு நாளில் ஒரு ஊர் என்று மாற்றுங்கள். பயணத்தை நிறுத்த வேண்டாம், அம்மாவையும் வீட்டில் விட வேண்டாம்.