வைக்கிங் தெரியும், கடாரம் தெரியுமா?

பல்கலைக்கழக முதலாண்டில், வைக்கிங் மக்களின் அன்றாட வாழ்க்கை பற்றி வகுப்பில் பேசினேன். தொலைக்காட்சித் தொடர் பார்த்த துணிச்சல்தான். தேடிப் படித்தபோது, தொடர்களும் படங்களும் காட்டியதில் பல பொய் என்று தெரிந்தது. அவர்கள் போருக்குக் கொம்பு வைத்த தலைக்கவசம் அணியவில்லை. பெரும்பாலோர் உழவர்கள். மாடு வளர்த்தார்கள், மீன் காயவைத்தார்கள், மான் கொம்பில் சீப்பு செய்து தலை வாரினார்கள். சனிக்கிழமைக்கு அவர்கள் மொழியில் பெயரே 'குளிக்கும் நாள்'. பெண்டாங்கில் சனிக்கிழமைதோறும் நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு என்னைத் துரத்திய பாட்டி இதைக் கேட்டால் சிரிப்பார்.

பேசி முடித்ததும் அலோர் ஸ்டார் நண்பன் ஒருவன், "அதே காலத்தில் நம் கெடாவில் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள்?" என்று கேட்டான். "1025-இல் ராஜேந்திர சோழன் கடாரத்தை வென்றான்" என்றேன், கொஞ்சம் பெருமையோடு. "அது சரி, தோற்றவர்கள் யார்?" என்றான். பதில் இல்லை. வானம் தெளிந்த நாளில் வயல்வெளிக்கு அப்பால் ஜெராய் மலையைப் பார்த்தே வளர்ந்தவன் நான். அந்த மலையடிவாரம்தான் கடாரம்.

விடுமுறையில் இருவரும் பூஜாங் பள்ளத்தாக்குக்குப் போனோம். என்னை அசத்தியது கோயில் இல்லை, சுங்கை பத்துவில் கிடக்கும் களிமண் குழாய்கள். இரும்புத் தாதுவையும் மரக்கரியையும் உலையில் இட்டு, துருத்தியால் காற்றை ஊதுவார்கள். அந்தக் காற்று உள்ளே போன குழாய்கள் இவை. குவியல் குவியலாகக் கிடைத்திருக்கின்றன, கூடவே இரும்புக் கிட்டமும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரையில் வைக்கிங்குகள் 1021-இல் மரம் வெட்டியதை மரவளையங்களை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அங்கே அவர்கள் உருக்கிய இரும்பு கொஞ்சம்தான், படகுக்கு ஆணி அடிக்கும் அளவு. கெடாவிலோ அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இரும்பு உருக்குவது ஒரு பெருந்தொழில்.

பெங்காலான் பூஜாங்கில் சீனப் பீங்கான் ஓடுகளும் மேற்காசியக் கண்ணாடித் துண்டுகளும் மணிகளும் கிடைத்துள்ளன. வரும் வணிகனுக்கு ஒரு காற்று, திரும்பிப் போக வேறொரு காற்று. அது மாறும்வரை இங்கேதான் தங்கவேண்டும். சமைத்திருப்பான், சாமி கும்பிட்டிருப்பான், யாரையாவது மணந்தும் இருப்பான். புக்கிட் பத்து பஹாட் கோயிலில் இன்று நிற்பது கல் அடித்தளம்தான். தூண்கள் மரத்தால் ஆனவை, மக்கிவிட்டன. சாமி வீட்டுக்கே மரத்தூண் என்றால் சாதாரண மனிதனின் வீடு எப்படி மிஞ்சும்?

படையெடுப்பும் நான் நினைத்ததுபோல் எளிய கதை இல்லை. கடாரத்து அரசரின் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் எழுந்தது. அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தவர் ராஜராஜ சோழன். இருபதே ஆண்டுகளில் அவர் மகன் கப்பற்படை அனுப்பினார். நான் இப்போது எந்தப் பக்கம்? கப்பலில் வந்தவர்கள் பேசியது என் மொழி; கரையில் நின்றவர்களின் ஊர் என் ஊர். திரும்பும் வழியெல்லாம் இதைத்தான் பேசிக்கொண்டு வந்தோம். 2013-இல் இங்கிருந்த 11-ஆம் எண் சண்டி, நில மேம்பாட்டு வேலையில் இடிக்கப்பட்டதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நண்பனுக்கும் தெரிந்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கைப்பேசியில் எடுத்த படங்களைப் பாட்டியிடம் காட்டினேன். இளவயதில் அவர் பீடோங் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். செங்கல் படத்தில் கண் நின்றது.

"இந்தக் கல்லா? எங்க நெறையிலகூட கெடக்கும்டா. நல்ல கல்லு. துணி தொவைக்க நாலு எடுத்துட்டு வந்தேன்."

"இப்ப எங்க பாட்டி அது?"

"லயத்துலேயே விட்டுட்டு வந்துட்டோம்" என்றார்.