ஆறு தப்படி தூரம்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கெட்டிஸ்பர்க் என்றொரு சிற்றூர். 1863 ஜூலை 1 முதல் 3 வரை அந்நாட்டின் வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போரின் பெருஞ்சண்டை அங்கேதான் நடந்தது. இன்றும் ஜூலை பிறந்தால் அந்த வட்டாரத்தில் ஆட்கள் நீலமும் சாம்பலுமாகக் கம்பளிச் சீருடை மாட்டிக்கொண்டு, கூடாரம் அடித்து, அந்தச் சண்டையை நடித்துக் காட்டுவார்கள். (அசல் போர்க்களம் அரசுப் பூங்கா. அங்கே மோதலை நடிக்க அனுமதி இல்லை என்பதால் தனியார் நிலங்களில் நடத்துகிறார்கள்.) புகைக்கு நடுவே அதிகாரி வேடமிட்டவர் கையில் உருவிய வாள். யார்மீதாவது பட்டுவிடாதா என்று கேட்டால், "மழுங்கின வாள்தானே" என்று பதில் வரும். அந்தப் பதிலைக் கொஞ்சம் தட்டிப் பார்ப்போம்.

அதற்குமுன் ஒன்று. காலாட்படை அதிகாரியின் வாள் அந்தப் போரில் வெட்டுவதற்குப் பயன்பட்டதைவிட, காட்டுவதற்குப் பயன்பட்டதே அதிகம். துப்பாக்கிச் சத்தத்தில் குரல் எடுபடாது. நீட்டிய வாள் கண்ணுக்குத் தெரியும். மூன்றாம் நாள் தாக்குதலில் தென்தரப்புத் தளபதி லூயிஸ் ஆர்மிஸ்டெட் தன் தொப்பியை வாள்முனையில் மாட்டி உயர்த்திப் பிடித்தபடி முன்னால் நடந்தார், பின்னால் வந்தவர்கள் அதைப் பார்த்து வந்தார்கள். தொப்பியைத் துளைத்துக்கொண்டு வாள் மேலேறிவிட, தொப்பி கைப்பிடிவரை வழுக்கி இறங்கியது என்பார்கள். தொப்பியைத் துளைத்தது எது? வெட்டும் விளிம்பு இல்லை, முனை.

நாம் எல்லோரும் சறுக்குவது இங்கேதான். வாள் என்றதும் மனம் விளிம்பின் கூரை மட்டும் நினைக்கிறது, அதை மழுக்கிவிட்டால் ஆபத்து போய்விட்டதாக நினைக்கிறோம். மழைநாளில் கூட்டமான டவுன் பஸ்ஸில் ஒருவர் குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஏறினால் பின்னால் நிற்பவர் என்ன செய்கிறார்? முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். குடைக்கம்பியை யாரும் சாணை பிடிக்கவில்லை. ஆனாலும் கண்ணுக்கு அது ஆபத்து என்று உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. காரணம் எளிது. உள்ளங்கையால் ஒருவரைத் தள்ளினால் நம் விசை ஏறக்குறைய நூறு சதுர சென்டிமீட்டரில் பரவுகிறது. அதே விசை, உருட்டித் தேய்த்த முனையென்றாலும், ஒரு சதுர சென்டிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இடத்தில் இறங்கினால் அழுத்தம் ஆயிரம் மடங்கு. மழுக்குவதால் வெட்டுக்காயம் குறையும். குத்தும் ஆபத்து போய்விடாது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்வோம். அன்றைய காலாட்படை அதிகாரி வாளின் அலகு முக்கால் மீட்டருக்குச் சற்று அதிகம். அதைச் செங்குத்தாகப் பிடித்திருப்பவர் மணிக்கட்டை மட்டும் சாய்த்துப் படுக்கைவசமாக்கினால், கை நகர்ந்ததாகவே தெரியாது. ஆனால் முனை ஒன்றேகால் மீட்டர் வளைந்து வந்திருக்கும். பிடித்திருப்பவர் கவனம் கையில் இருக்கும். முனை வேறெங்கோ யாருக்கோ பக்கத்தில் இருக்கும்.

இப்போது அணிவகுப்பு முறையைப் பார்த்தால் அதன் அர்த்தம் புரியும். 1855-இல் வில்லியம் ஹார்டி எழுதிய காலாட்படைக் கையேட்டைத்தான் பின்னால் இரு தரப்பும் வைத்துப் பயிற்சி செய்தன. (ஹார்டி தென்தரப்புக்குப் போய்விட்டார், வடக்கு அதற்காகப் புத்தகத்தைத் தூக்கி எறியவில்லை.) அதன்படி சும்மா நிற்கும்போது பிடி வலது இடுப்பில், அலகின் முதுகு தோளில். வாள் அதிகாரியின் உடம்பை ஒட்டியே நிற்கிறது. வணக்கத்தைப் பெறவேண்டியவர் ஆறு தப்படி தூரத்தில் வரும்போது வாளை நிமிர்த்துகிறார்: முனை மேலே, அலகின் தட்டையான பக்கம் வலது கண்ணுக்கு நேரே, முழங்கை உடம்போடு. பிறகு கையை நீட்டி முனையைத் தாழ்த்துகிறார், கை தொடையோரம் வந்து நிற்கிறது. அந்தக் கையேட்டில் ஒரு தப்படி 28 அங்குலம். ஆறு தப்படி என்றால் நாலேகால் மீட்டர். கையையும் வாளையும் சேர்த்து முழுக்க நீட்டினாலும் ஒன்றரை மீட்டரைத் தாண்டாது. மரியாதைக்காக வைத்த தூரம்தான் என்றாலும், என்னைக் கேட்டால், மழுங்கிய விளிம்பைவிட இந்தத் தூரத்தைத்தான் நம்புவேன்.

உருவுவது சுலபம், திரும்ப உறையில் போடுவதில்தான் கை கிழிகிறது. அணிவகுப்பில் தலை குனியக்கூடாது, ஆகவே உறையின் வாயைத் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இடது கை உறையின் வாயருகே பிடிக்கிறது. அலகின் முதுகை அந்தக் கைமேல் மெல்ல இழுத்துக்கொண்டே வந்தால் முனை தானாக வாயில் விழும். விளிம்பை இழுத்தால் விரல்தான் பதில் சொல்லும். காரணம் பிசிறு: இரும்போடு இரும்பு ஒருமுறை மோதினாலே விளிம்பில் சின்னப் பல் கிளம்பும், மழுங்கிய வாளிலும். ஒவ்வொரு மோதலுக்குப் பிறகும் அரத்தால் ராவி எடுத்துவிடுவார்கள். உறை தோலாக இருந்தால் விரல்களை விளிம்புப் பக்கம் சுற்றிப் பிடிக்கவும் கூடாது. தோலை அறுத்துக்கொண்டு வாள் வெளியே வந்துவிடலாம்.

வாளையே கொஞ்சம் சந்தேகப்படுவதும் நல்லது. அலகின் வால் கைப்பிடிக்குள் போய் மறுமுனையில் இறுகியிருக்கிறது. சுவரில் மாட்டும் அலங்கார வாள்களில் பலவற்றில் அந்த வால் பற்றவைத்த ஒரு மெல்லிய கம்பி மட்டுமே. வீசினால் கைப்பிடி கையிலும் அலகு பார்வையாளர் வரிசையிலும் போய்ச் சேரும். அனுபவசாலிகள் களத்துக்கு வருமுன் பிடியின் அடியில் உள்ளங்கையால் தட்டிக் காதைக் கொடுப்பார்கள். கடகடவென்றால் அன்றைக்கு அந்த வாள் உறையை விட்டு வெளியே வராது.

கடைசியில் சாவு. வேடமிட்டவர் எப்போதாவது குண்டு பட்டு விழுந்தாக வேண்டும். கைப்பிடியிலிருந்து தொங்கும் வாரை மணிக்கட்டில் மாட்டியிருப்பார்கள், வாள் நழுவாமலிருக்க. விழும்போது அதே வார் வாளையும் கூடவே இழுத்து வரும். அதனால் விழ முடிவுசெய்தவர் முதலில் முழங்காலிடுகிறார், வாளைப் பக்கவாட்டில் தரையில் படுக்க வைக்கிறார், வாரைக் கழற்றுகிறார், சுற்றுமுற்றும் பார்க்கிறார். அப்புறம்தான் சாகிறார்.