தானிஷ் சித்திக்கியின் நிழற்படங்களும் படக்குறிப்பின் இன்றியமையாமையும்

நிழற்படம் பொய் சொல்லாது என்பது மக்களிடையே வேரூன்றிய நம்பிக்கை. ஆயினும், எங்கே, எப்பொழுது, யாரால் எடுக்கப்பட்டது என்பதைப் படம் தானாக உரைப்பதில்லை. ஆவண நிழற்படக் கலை எனப்படுவது காட்சியோடு இவ்விடைகளையும் சேர்த்துத் தரும் பொறுப்பை ஏற்ற துறையாகும். அகதிகள், போர், மக்கள் போராட்டம் ஆகியவற்றைத் தம் பணிக்களமாகக் கொண்டு, நாற்பது வயதை எட்டுமுன்னரே போர்முனையில் உயிர்நீத்த இந்தியக் கலைஞர் தானிஷ் சித்திக்கியின் பணியைக் கொண்டு இதனை விளக்க முற்படுகிறோம்.

சித்திக்கி டில்லியில் உள்ள ஜாமியா மில்லியா இஸ்லாமியா பல்கலைக்கழகத்தில் பொருளியலும் மக்கள் தொடர்பியலும் கற்றவர். தொலைக்காட்சிச் செய்தியாளராகப் பணியாற்றியபின், 2010-ஆம் ஆண்டில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்து நிழற்படத் துறைக்கு வந்தார். நிலையான பணியில் இருந்தவர் மீண்டும் அடிப்படியிலிருந்து தொடங்கத் துணிந்தது எளிய முடிவன்று. ஈராக்கின் மோசுல் நகரப் போர், நேப்பாள நிலநடுக்கம், ஹாங்காங் போராட்டங்கள் என அவர் சென்ற களங்கள் பல. அவற்றுள் ரொஹிங்யா அகதிகளைப் பற்றிய பணியே மலேசியராகிய நமக்கு மிக அணுக்கமானது.

2017 ஆகஸ்டில் மியன்மாரின் ராக்கைன் மாநிலத்தில் இராணுவ நடவடிக்கை தொடங்கியபின், ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட ரொஹிங்யா மக்கள் வங்காளதேசத்திற்குள் தஞ்சம் புகுந்தனர். அவ்வாண்டு செப்டம்பர் 11-ஆம் நாள், ஷா போரிர் த்வீப் என்னும் கடற்கரையில் சித்திக்கி எடுத்த படம் உலகெங்கும் அறியப்பட்டதாகும். படகிலிருந்து இறங்கிய ஒரு பெண் மணலில் மண்டியிட்டுக் கையால் கரையைத் தொடுகிறார். இப்படத்திற்குரிய குறிப்பு, களைப்புற்ற அகதிப் பெண் ஒருவர் வங்காள விரிகுடா வழியே எல்லையைக் கடந்து வந்து கரையைத் தொடுகிறார் என்பதோடு இடத்தையும் நாளையும் மட்டுமே தருகிறது. அவர் மண்ணை வணங்குகிறார் என்றோ, நன்றி செலுத்துகிறார் என்றோ அது கூறவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததை உரைத்து, தெரியாத உள்ளத்தைப் பற்றி வாய்திறவாது நிற்கும் இவ்வடக்கத்தையே ஆவணக் கலையின் உயர்ந்த பண்பாக நாம் கருதுகிறோம். இப்படம் இடம்பெற்ற தொகுப்புக்காக ராய்ட்டர்ஸ் நிழற்படக் குழு 2018-ஆம் ஆண்டின் புலிட்சர் பரிசைப் பெற்றது. சித்திக்கியும் அத்னான் அபிதியும் அக்குழுவில் இடம்பெற்ற இந்தியராவர்.

படக்குறிப்பு பொய்த்தால் என்ன நேரும் என்பதற்கு அதே 2018-ஆம் ஆண்டு ஒரு கொடிய எடுத்துக்காட்டையும் தந்தது. மியன்மார் இராணுவத்தின் மக்கள் தொடர்பு, உளவியல் போர்த் துறை ரொஹிங்யா சிக்கலைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டது. (துறையின் பெயரே அதன் நோக்கத்தை உரைத்துவிடுகிறது.) அந்நூலின் படங்களுள் மூன்று பொய்யான குறிப்புடன் வெளியிடப்பட்டவை என்பதை ராய்ட்டர்ஸ் செய்தியாளர் ஆராய்ந்து கண்டறிந்தனர். 1971-ஆம் ஆண்டில் வங்காளதேச விடுதலைப் போரின்போது டாக்காவில் எடுக்கப்பட்ட படம், வங்காளியர் மியன்மார் மக்களைக் கொன்ற காட்சியாகக் காட்டப்பட்டிருந்தது. 1996-இல் தன்சானியாவில் ருவாண்டா அகதிகளை மார்த்தா ரியால் எடுத்த வண்ணப்படம் கறுப்பு வெள்ளையாக மாற்றப்பட்டு, வங்காளியர் மியன்மாருக்குள் நுழைந்த வரலாற்றுச் சான்றாக்கப்பட்டது. அப்படம் முன்னரே புலிட்சர் பரிசு பெற்றதாகும். மூன்றாவது படம் நம்மைத் தொடுவது. 2015-ஆம் ஆண்டில் ஏராளமானோர் தாய்லாந்தையும் மலேசியாவையும் நோக்கிப் படகேறினர். அக்காலத்தில் மியன்மாரை விட்டு வெளியேறியோரின் படகைக் காட்டும் அப்படம், கடல்வழியே மியன்மாருக்குள் புகுந்தோரின் படமாக்கப்பட்டது. வெளியேறியவர் நுழைந்தவர் ஆயினர்! குட்டு வெளிப்பட்டபின் இராணுவம் இரு படங்களுக்காக வருத்தம் தெரிவித்தது.

அதே 2015 மே மாதத்தில் லங்காவித் தீவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கரையிறங்கினர். மலேசியா 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையொப்பமிடாத நாடு. எனினும் ஓரிலட்சத்துக்கும் மேற்பட்ட ரொஹிங்யா மக்கள் இங்கு ஐக்கிய நாட்டு அகதிகள் ஆணையத்திடம் பதிவு பெற்றுள்ளனர். இவர்களுள் பலர் கிள்ளான் பள்ளத்தாக்கின் அடுக்குமாடி வீடுகளிலும் சந்தைகளிலும் நம் அண்டை அயலாராக வாழ்கின்றனர். 2020 ஏப்ரலில் இவர்களுக்கெதிரான வெறுப்புப் பேச்சு நம் நாட்டின் சமூக ஊடகங்களில் பெருகியபோது, கடற்கரையில் மண்டியிட்ட பெண்ணின் படத்தை நினைவுகூர்ந்தோர் எத்துணை பேர் இருந்திருப்பர்?

போராட்டக் களத்தில் சித்திக்கியின் பணி வேறொரு வகையில் நோக்கத்தக்கது. இந்தியக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திற்கு எதிராக, 2020 ஜனவரி 30-ஆம் நாள், காந்தியடிகள் கொல்லப்பட்ட நினைவு நாளில், ஜாமியா மாணவர்கள் ராஜ்காட் நோக்கிப் பேரணி செல்ல முற்பட்டனர். அவர்கள் முன் ஒருவன் கைத்துப்பாக்கியை உயர்த்தி நிற்க, பின்புறம் காவலர் அணி நிற்கும் காட்சியை அப்பல்கலைக்கழகத்தின் பழைய மாணவரான சித்திக்கி பதிவு செய்தார். ஒரு சட்டகத்திற்குள் துப்பாக்கியும் காவலரும் சேர்ந்து நிற்பதே அப்படத்தின் வலிமை. துப்பாக்கி ஏந்தியவனை மட்டும் அணுக்கமாக எடுத்திருந்தால் அது தனியொருவனின் வெறிச்செயலாக முடிந்திருக்கும். பிப்ரவரியில் வடகிழக்கு டில்லிக் கலவரத்தில், கும்பலொன்று தரையில் சுருண்டு கிடந்த இசுலாமியர் ஒருவரைத் தடிகளால் தாக்கிய படமும் அவருடையதே.

2021 ஏப்ரலில் கோவிட் பெருந்தொற்றால் இறந்தோரின் சிதைகள் டில்லியில் வரிசையாக எரிவதை வானிலிருந்து அவர் படமெடுத்தார். துயரைக் காட்சிப் பொருளாக்கினார் என இந்தியாவில் ஒரு சாரார் கடிந்தனர். இக்கண்டனத்தை முற்றாகப் புறந்தள்ள இயலாது. எனினும் உயரத்திலிருந்து எடுத்தமையால் எந்த முகமும் அடையாளம் தெரியவில்லை, இழப்பின் அளவோ மறைக்க முடியாததாயிற்று. இப்பணிக்காக அவருக்கும் உடன் பணியாற்றிய மூவருக்கும் 2022-இல் மீண்டும் புலிட்சர் பரிசு வழங்கப்பட்டது. அதைப் பெற அவர் இல்லை. 2021 ஜூலை 16-ஆம் நாள், ஆப்கானிஸ்தானின் ஸ்பின் போல்டக் என்னுமிடத்தில், ஆப்கான் சிறப்புப் படையினருடன் சென்றிருந்தபோது கொல்லப்பட்டார். அவருடல் ஜாமியா பல்கலைக்கழக இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டது.

களத்தில் நிற்கும் கலைஞர் இல்லாதபோது நேரும் இழப்பைத் தமிழர் நன்கறிவர். 2009-இல் வன்னிப் போரின் இறுதிக் கட்டத்தில் சார்பற்ற செய்தியாளர் அனுமதிக்கப்படவில்லை. ஆகவே சிக்குண்டோர் எடுத்த படங்களையும் செயற்கைக்கோள் படங்களையுமே உலகம் சான்றாகக் கொள்ள நேர்ந்தது. அவற்றின் மெய்ம்மையை நிறுவுவதிலேயே பல ஆண்டுகள் கழிந்தன.

நம் நாட்டில் 2007 நவம்பர் 25-ஆம் நாள் நடைபெற்ற இண்ட்ராப் பேரணியில் காந்தியடிகளின் படத்தை ஏந்தியோர் மீது கண்ணீர்ப்புகையும் நீர்ப்பீரங்கியும் ஏவப்பட்டன. அந்நாளின் படங்கள் இன்றும் கைமாறி வருகின்றன. அவற்றுள் பலவற்றில் எடுத்தவர் பெயரில்லை. தெருவின் பெயரோ, பத்துமலையா கோலாலம்பூரா என்பதோகூட இல்லை. தோட்டக் காலப் படங்களின் நிலையும் இதுவே. பூச்சோங் வட்டாரத்தின் கின்ராரா, காசல்பீல்ட் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அப்பெயர்களைத் தமிழ்ப்பள்ளிகள் இன்னும் தாங்கி நிற்கின்றன. அங்கு வாழ்ந்த குடும்பங்களின் பழைய படங்களில் இருப்போர் யார், எந்த லயம், எந்த ஆண்டு என்பதைச் சொல்லக்கூடிய முதியோர் சிலர் இன்னும் நம்மிடையே உள்ளனர். படத்தின் பின்புறத்தில் எழுத ஒரு பென்சிலே போதும்.