எஞ்சினை நிறுத்திவிட்டுப் பறக்கும் விமானம்

பறக்கும் விமானத்தில் எஞ்சின் நின்றுவிட்டால் அது விபத்துச் செய்தி. ஆனால் விமானியே வேண்டுமென்று எஞ்சினை நிறுத்தி, காற்றில் மிதந்து, பிறகு மீண்டும் இயக்குவதும் உண்டு. அதற்கென்றே உள்ளது மோட்டார் கிளைடர்.

புனே ஹடப்சரின் கிளைடர் மையத்தைப் பற்றி மகாராஷ்டிரத் தமிழர் பலர் அறிவர். சாதாரணக் கிளைடரை விஞ்ச் இயந்திரம் நீண்ட வடத்தால் இழுத்து மேலே அனுப்ப வேண்டும். மோட்டார் கிளைடருக்கு அந்த உதவி தேவையில்லை. தானே ஓடி, தானே எழும்பும்.

ஆஸ்திரியாவின் 'சூப்பர் டிமோனா' இவ்வகையில் பெயர் பெற்றது. இருவர் அருகருகே அமரலாம். இறக்கையின் மொத்த நீளம் 16 மீட்டருக்கும் மேல். நால்வர் அமரும் செஸ்னா 172 விமானத்துக்கே அது 11 மீட்டர்தான்.

தரையிலே சோதனை

இதன் ரோட்டக்ஸ் எஞ்சினில் எண்ணெய் அளவு பார்ப்பதே தனி முறை. இக்னிஷன் அணைந்திருப்பதை உறுதி செய்துகொண்டு, முன்னாலுள்ள விசிறியை அது சுழலும் திசையிலேயே கையால் சுற்ற வேண்டும். தொட்டியில் எண்ணெய் கொப்பளிக்கும் சத்தம் கேட்ட பிறகே அளவுகோலை எடுத்துப் பார்க்கலாம். முன்னதாகப் பார்த்தால் அளவு தவறாகத் தெரியும்.

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் உடனே முறுக்கக் கூடாது. எண்ணெய் 50 டிகிரி செல்சியஸ் சூடேறும் வரை பொறுக்க வேண்டும். பிறகு இரண்டு இக்னிஷன்களையும் தனித்தனியே சோதிப்பார்கள்.

ஓடுவதற்கு முன் முக்கியமான ஒன்று, இறக்கையின் மேல் எழும் ஏர்பிரேக் தகடுகள் பூட்டியிருக்கின்றனவா என்று பார்ப்பது. பூட்டாமல் கிளம்பினால் அவை காற்றில் தாமே திறந்துகொள்ளும். விமானம் ஏறத் திணறும். இந்த மறதியால் விபத்துகள் நேர்ந்துள்ளன.

வானில் மௌனம்

போதிய உயரம் வந்ததும், எஞ்சினைச் சிறிது நேரம் மெதுவாக ஓடவிட்டுச் சூடு தணிப்பார்கள். பிறகு இக்னிஷனை அணைத்து, விசிறியின் தகடுகள் காற்றோட்டத்தை எதிர்க்காதபடி திருப்பிவிடுவார்கள். அதன்பின் காற்றின் ஓசை மட்டுமே. காற்று அசையாத நிலையில், ஒரு கிலோ மீட்டர் இறங்குவதற்குள் ஏறத்தாழ 27 கிலோ மீட்டர் தூரம் செல்லலாம்.

ரேடியோவும் கருவிகளும் அப்போது பாட்டரியில்தான் இயங்கும். மீண்டும் எஞ்சினைக் கிளப்பவும் அதே பாட்டரிதான். எனவே தேவையற்றவற்றை அணைத்து வைப்பது வழக்கம்.

நம்பக் கூடாத நண்பன்

தகடுகளைப் பழைய நிலைக்குத் திருப்பி எஞ்சினைக் கிளப்புவதற்குள் விமானம் மேலும் இறங்கிவிடும். கிளம்பினாலும், குளிர்ந்த எஞ்சினிடம் உடனே முழுச் சக்தியையும் கேட்க முடியாது.

ஆகவே அனுபவசாலிகள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். இறங்கத் தக்க ஓடுதளமோ திடலோ எட்டும் தூரத்தில் இருந்தால் மட்டுமே எஞ்சினை நிறுத்துவது. உயரம் மிச்சமிருக்கும்போதே மீண்டும் கிளப்பிப் பார்ப்பது. கிளம்பவில்லையா? சாவியோடு மல்லாடாமல், வெறும் கிளைடராகவே இறக்கிவிடுவது.

அப்படி இறங்கும்போது இரண்டாம் வாய்ப்பு கிடையாது. தவறினால் மீண்டும் மேலேறிச் சுற்றி வர எஞ்சின் இல்லை. அதனால் ஓடுதளத்துக்குச் சற்றுக் கூடுதல் உயரத்திலேயே வந்து, ஏர்பிரேக்கைத் திறந்து உயரத்தைக் குறைப்பார்கள். மிகுந்த உயரத்தைக் குறைக்கலாம். இல்லாத உயரத்தை எங்கே போய் வாங்குவது?