வடம் பிடிக்கும் கூட்டத்தில் ஒருவர் சரிந்தால்

ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதிகளில் ஆண்டாள் தேர் நகரும்போது கால் வைக்க இடமிருக்காது. அந்த நெரிசலில் ஒருவருக்கு இதயம் நின்றுவிட்டால், 108 ஆம்புலன்ஸ் உள்ளே வரவே பல நிமிடம் ஆகும். நெஞ்சை அழுத்தாமல் விட்ட ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட, இதயத்துக்கு மின் அதிர்ச்சி (ஷாக்) கொடுக்கும் ஏ.இ.டி. என்ற சிறு பெட்டியை அவர் கிடக்கும் இடத்துக்குக் கொண்டுவருவதுதான் உயிர் காக்கும்.

மாரடைப்பு வேறு, இதயம் நிற்பது வேறு

மாரடைப்பில் இதயத் தசைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுகிறது. நெஞ்சு வலிக்கும், வியர்க்கும். ஆனால் பெரும்பாலும் நினைவு இருக்கும். அவருக்கு ஷாக் வேண்டாம், உடனே சிகிச்சை வேண்டும். தமிழக அரசு 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைத் தருகிறார்கள்.

திடீர் இதய நிறுத்தத்தில் பல நேரம் இதயத்தின் மின்துடிப்பு தாறுமாறாகி, கீழறைகள் வெறுமனே நடுங்கும். மூளைக்கு ரத்தம் போகாது. சில விநாடிகளில் நினைவு தப்பும். மாரடைப்பும் இதில் போய் முடியலாம். அந்த நடுக்கத்தை நிறுத்த மின் அதிர்ச்சிதான் வழி.

மூச்சு இழுக்கிறதே என்று ஏமாறாதீர்கள்

இதயம் நின்றவர் முதல் சில நிமிடங்கள் வாயைத் திறந்து, விட்டுவிட்டுக் காற்றை இழுக்கக்கூடும். கை கால் வெட்டுவதும் உண்டு. நம் ஊரில் உடனே "வலிப்பு" என்று சொல்லி இரும்புச் சாவியைத் தேடுவார்கள். ஒருவர் சோடா வாங்க ஓடுவார். இரண்டுமே பயனற்றவை, நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றுவது ஆபத்தும்கூட. தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சு சீராக இல்லை என்றால் இதயம் நின்றதாகவே கொள்ளுங்கள். ஒருவர் 108-ஐ அழைக்கட்டும், இன்னொருவர் ஏ.இ.டி.யை எடுத்துவர ஓடட்டும். நீங்கள் நெஞ்சின் நடுவே இரு கைகளாலும் 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள்.

பெட்டி வந்ததும்

முதலில் கருவியை ஆன் செய்யுங்கள். மற்றதை அதுவே பேசிச் சொல்லும். பல கருவிகள் ஆங்கிலத்தில் பேசினாலும், ஷாக் கொடுக்க நெஞ்சில் ஒட்டும் இரண்டு பேட்களின் இடம் படமாகவே வரைந்திருக்கும். ஒன்று வலது காறை எலும்புக்குக் கீழே, மற்றது இடது அக்குளுக்குக் கீழே விலாப்பக்கம். ஈரமாக இருந்தால் பேட் ஒட்டாது. வியர்வையைத் துண்டால் நன்றாகத் துடையுங்கள். கருவி இதயத்தை ஆராயும்போதும் ஷாக் கொடுக்கும்போதும் ஒருவர் கையும் அவர்மேல் படக்கூடாது. ஷாக் முடிந்ததும் நாடி பார்த்துக்கொண்டிருக்காமல் அழுத்தத்தைத் தொடருங்கள். தேவையில்லாதவருக்கு அந்தக் கருவி ஷாக் கொடுக்காது. ஆகவே தப்பாகிவிடுமோ என்ற பயம் வேண்டாம்.

பெண் விழுந்தால் கூட்டம் தயங்கி நிற்கும். அந்தத் தயக்கம் அவர் உயிரை எடுத்துவிடும். உடன் நிற்கும் பெண்கள் முதுகைக் காட்டிச் சுற்றி நின்று சேலையால் மறைக்கட்டும். ரவிக்கையை வெட்டியாவது பேட்டை வெறும் தோலில் ஒட்டத்தான் வேண்டும். தாலிச் சங்கிலியைக் கழற்ற வேண்டியதில்லை, பேட்டில் படாமல் ஒதுக்கினால் போதும்.

எங்கெல்லாம் வேண்டும்

சிகாகோ விமான நிலையங்களில் 1999 முதல் இரண்டு ஆண்டுகளில், இதயம் இப்படி நடுங்கி விழுந்த 18 பேரில் 11 பேர் பிழைத்தார்கள். அந்த 11 பேரில் 6 பேரைக் காப்பாற்றியவர்கள் ஏ.இ.டி. பயிற்சி இல்லாதவர்கள். கைக்கெட்டும் இடத்தில் பெட்டி இருந்ததால்தான் அது நடந்தது.

சதுரகிரி மலை ஏறும்போது பக்தர்கள் நெஞ்சுவலியில் இறந்த செய்திகளை நாம் படித்திருக்கிறோம். தாணிப்பாறை அடிவாரத்திலும் மலைப்பாதையிலும் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் இந்தக் கருவி கட்டாயம் வேண்டும். ஆண்டாள் கோயில், ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு, நூற்பாலைகள், பேண்டேஜ் துணி நெய்யும் சத்திரப்பட்டி ஆகிய இடங்களிலும் வேண்டும். மேனேஜர் அறையில் பூட்டி வைக்காமல் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டுங்கள். பேட்டரிக்கும் பேட்டுக்கும் காலாவதித் தேதி உண்டு; அதைப் பார்க்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். மில்லில் வேலை செய்பவர்கள், ஒவ்வொரு ஷிஃப்டிலும் சிலருக்காவது பயிற்சி தரும்படி நிர்வாகத்திடம் இந்த வாரமே கேளுங்கள்.