விண்மீன் தெரியும் கூரை

கூடார விழாவின்போது நம் ஆண்டவர் இயேசு எருசலேம் கோவிலுக்குச் சென்று போதித்ததை யோவான் நற்செய்தியின் 7ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். யூத மக்கள் அவ்விழாவை இன்றும் செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் ஏழு நாள்கள் கொண்டாடுகின்றனர். எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட முன்னோர் கூடாரங்களில் குடியிருந்ததைத் தலைமுறைகள் மறவாதிருக்கவே இது ஏற்படுத்தப்பட்டது என லேவியர் நூல் (23:42-43) கூறுகிறது.

'சுக்கா' எனப்படும் அக்குடிலின் கூரை, மண்ணில் விளைந்து வெட்டப்பட்ட தழைகளாலும் கிளைகளாலும் அமைய வேண்டும். பகலில் வெயிலைவிட நிழல் மிகுந்திருக்க வேண்டும். இரவில் அதன் இடைவெளியூடே விண்மீன்கள் தெரிவது சிறப்பு. கேரளத்தின் கொச்சியில் வாழ்ந்த யூதர்கள் தென்னோலை கொண்டே அதை வேய்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரயேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர்.

அந்த ஏழு நாள்களும் குடிலே நிலையான வீடு. சொந்த வீடோ தற்காலிக இருப்பிடம். உணவு அங்கேயே உண்ணப்பட வேண்டும். பழம் போன்ற சிற்றுணவை வெளியே உண்ணலாம். ஆனால் சிறு கண்ணயர்வும் வெளியே கூடாது. உறக்கத்திற்குச் சிறிது, பெரிது என்னும் அளவில்லை என்பது யூத மறைநூல் அறிஞர் கூறும் விளக்கங்களுள் ஒன்று.

இத்துணைக் கண்டிப்பான சட்டம் வியத்தகு இரக்கமும் உடையது. நோயுற்றோருக்கும் அவர்களைப் பராமரிப்போருக்கும் விலக்கு உண்டு. கூழ் கெட்டுப்போகும் அளவுக்கு மழை ஒழுகினால் வீட்டிற்குத் திரும்பலாம். குடிலில் தங்குவதால் துன்புறுகிறவர் அக்கடமையிலிருந்து விடுபடுகிறார். ஏனெனில் இது மகிழ்ச்சியின் விழா, தண்டனை அன்று.

கப்பல்துறையிலும் அதைச் சூழ்ந்த திருகோணமலை மாவட்டத்திலும் வாழும் நமக்கு ஒழுகும் கூரையைப் பற்றி எவரும் கற்பிக்கத் தேவையில்லை. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கரையோர வீடுகளை வாரிச் சென்றது. 2006இல் போரினால் சம்பூர், மூதூர் கிழக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்களுள் பலர் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் முகாம்களில் வாழ்ந்தனர். மழை ஒழுகியபோது திரும்பிச் செல்ல அவர்களுக்கு வீடு இருக்கவில்லை. எனவே துன்புறுவோரிடம் குடிசை வாழ்வின் மேன்மையைப் போதிப்பது நமக்குத் தகாது. குடில் கற்பிக்கும் பாடம் வீடுடையோருக்கே உரியது: நம்மைக் காப்பது சுவரும் கூரையும் அல்ல, இறைவனே.

வாக்கு மனிதரானதைக் கூறும் யோவான் 1:14இல் வரும் கிரேக்கச் சொல், கூடாரமடித்துத் தங்குவதைக் குறிக்கும். இறைமகன் நமக்கு அறிவுரை அனுப்பவில்லை. தாமே நம் கூடாரத்திற்குள் வந்தார்.

ஆபிரகாம் முதலிய எழுவரை நாளுக்கொருவராகக் குடிலுக்கு விருந்தினராய் அழைப்பது யூதர் மரபு. அவ்விருந்தினரின் பங்கு ஏழைகளுக்கே சேர வேண்டும் என்பதும் அவர்கள் போதனை. அன்பார்ந்த குடும்பங்களே, இன்று கல்வீட்டில் அச்சமின்றி உறங்கும் நாம், இன்னும் ஒழுகும் கூரையின் கீழ் விழித்திருக்கும் அயலவரை அறிவோமா? இவ்வாரம் அவர் இல்லத்திற்குச் செல்வோம். நம் உணவில் அவருக்குரிய பங்கை வைப்போம். இயன்றால் அவர் கூரையை வேய்ந்து கொடுப்போம்.